உடலுக்கு வேகம் தெரியாது

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சாண்டஸ்கி என்ற சிறு நகரத்தை ஒட்டி ஈரி ஏரிக்குள் நீண்டு போகும் நிலமுனையில் இருக்கிறது சீடர் பாயின்ட். ஏரியில் குளிக்க வருகிறவர்களுக்காக 1870-இல் தொடங்கிய இடம். 1892-இல் அங்கே முதல் ரோலர் கோஸ்டரை நிறுத்தினார்கள். உயரம் 25 அடி, வேகம் மணிக்கு 16 கி.மீ. அவசரமில்லாமல் சைக்கிள் மிதிக்கிறவரின் வேகம்தான். 2000-ஆம் ஆண்டு அதே நிலமுனையில் மில்லினியம் ஃபோர்ஸ் எழுந்தது. உயரம் 310 அடி, வேகம் மணிக்கு 150 கி.மீ. நூற்றெட்டு ஆண்டுகளில் வேகம் ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஆனால் அன்று ஏறியவரும் இன்று ஏறுகிறவரும் எதற்காகக் கைப்பிடியை இறுக்குகிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லாது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானத்தில் மணிக்கு 850 கி.மீ. வேகத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம். கோப்பையில் அலைகூட எழுவதில்லை. பூமி சூரியனைச் சுற்றுவது நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில். அந்த வேகத்திலேயே பிறந்து, வளர்ந்து, தூங்கி எழுகிறோம். காரணம் எளியது: நம் உடலில் வேகத்தை அளக்கும் உறுப்பு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டால் சீரான வேகமும் அசையாமல் இருப்பதும் நமக்கு ஒன்றுதான். வேகமோ திசையோ மாறும்போதுதான் உடல் விழித்துக்கொள்கிறது. தீம் பார்க்கில் காசு கொடுத்து வாங்குவது இந்த மாற்றத்தை. கோஸ்டர் வடிவமைக்கும் பொறியாளர் தண்டவாளத்தை வரைகிறார் என்றாலும், இருக்கை நம்மை எந்தக் கணத்தில் எவ்வளவு அழுத்துகிறது, எந்தக் கணத்தில் கைவிடுகிறது என்பதுதான் அவர் போடும் கணக்கு.

அக்கா குடும்பத்தோடு ஒரு ஜூலைக் காலையில் சீடர் பாயின்ட்டுக்குப் போனோம். எல்லோரும் சேர்ந்துதான் உள்ளே நுழைந்தோம், நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அக்கா மகள் 310 அடியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவளுடைய எட்டு வயதுத் தம்பி உயரம் அளக்கும் கம்பத்தின் முன் மூச்சைப் பிடித்து நிமிர்ந்து, வேண்டிய 48 அங்குலத்தைத் தொட்டுவிட்டான். அத்தானுக்கு வேகம் பிடிக்கும், சுற்றுவது ஆகாது. அம்மா, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கறேன்" என்று சொல்லி, 1912-இல் செய்த மரக்குதிரை ராட்டினத்துக்கு எதிரே நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். இப்படிப் பிரிவதைத் துணிச்சல்காரர், பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துப் பேசுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தப் பேச்சு அநியாயமானது என்று நினைக்கிறேன். ஒரே ரைடு ஒவ்வொருவர் மூளைக்கும் வேறு வேறு செய்தியை அனுப்புகிறது. செய்தி கிளம்பும் இடம் உட்செவி.

காதின் உட்பகுதியில், ஒலியை வாங்கும் சுருளுக்குப் பக்கத்திலேயே, சமநிலைக்கென்று ஒவ்வொரு பக்கமும் ஐந்து உணரிகள் இருக்கின்றன. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை அறிபவை. மற்ற இரண்டும் சிறு பைகள். பைக்குள் நுண்மயிர் கொண்ட அணுக்கள், மயிர்களின் மேல் பசைப் படலம், படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள். சுண்ணாம்புக்கல் எதனால் ஆனதோ அதே பொருள். தலை சட்டென்று முன்னே தள்ளப்பட்டால் கனமான அந்தத் துகள்கள் பின்தங்கும், படலம் இழுபடும், மயிர்கள் சாயும், நரம்பு வழியே செய்தி போகும். தலையை மல்லாக்கச் சாய்த்தாலும் துகள்கள் ஈர்ப்புவிசையால் சரிந்து அதே மயிர்களைத்தான் சாய்க்கும். ஆகவே சாய்வும் முடுக்கமும் இந்தக் கற்களுக்கு ஒன்றே. இரண்டையும் பிரித்தறிய மூளை கண்ணைக் கேட்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது என்ன ஆகும் என்பதை விமானிகள் அறிவார்கள். இருட்டில் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து உந்தி ஏவப்படும் விமானத்தில், அதன் மூக்கு அளவுக்கு மீறி மேலே தூக்குவதாக விமானிக்குத் தோன்றும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்திக் கடலில் விழுந்த விமானங்கள் உண்டு.

மில்லினியம் ஃபோர்ஸின் ஒரு ரயிலில் 36 பேர். பழைய கோஸ்டர்களை மேட்டுக்கு இழுப்பது சங்கிலி, அதன் கடகடச் சத்தமே பாதிப் பயத்தைக் கொடுத்துவிடும். இங்கே லிஃப்ட்டில் இருக்கும் வகையான எஃகு வடம். ரயிலை 45 பாகைச் சரிவில் சத்தமில்லாமல் மேலே கொண்டுபோகிறது. உச்சியில் வடம் விடுபட்டால் அப்புறம் 2 கி.மீ. நீளப் பாதையின் முடிவு வரை எந்த மோட்டாரும் ரயிலைத் தொடுவதில்லை. பயணத்துக்கு வேண்டிய மொத்த ஆற்றலையும் அந்த ஏற்றத்திலேயே கொடுத்தாகிவிட்டது. எவ்வளவு ஆற்றல்? ரயிலும் ஆட்களும் சேர்ந்து 15 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 94 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 1 கோடியே 38 லட்சம் ஜூல் வேண்டும். மின்வாரியக் கணக்கில் 3.8 யூனிட். மோட்டாரிலும் வடத்திலும் வீணாவதைச் சேர்த்தாலும் ஐந்தாறு யூனிட்டில் முடிந்துவிடும். ஒரு படுக்கையறை ஏ.சி. ஓர் இரவுக்கு இழுக்கும் மின்சாரம், 36 பேரைத் தொண்டை வறளக் கத்தவைக்கப் போதும். முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை. போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இறக்கம் 300 அடி, அதாவது 91.4 மீட்டர். சரிவு 80 பாகை, ஏறக்குறைய செங்குத்து. விழும் உயரத்தை 9.8-ஆல் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் அடிவாரத்தில் இருக்கவேண்டிய வேகம் கிடைக்கும் என்பது பள்ளிப் பாடம். நொடிக்கு 42.3 மீட்டர் வருகிறது. மணிக்கு 152 கி.மீ. ரயில் உண்மையில் தொடுவது 150. உச்சியை ரயில் கொஞ்சம் வேகத்தோடுதான் கடக்கிறது என்பதால் உண்மையான இழப்பு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். இருந்தாலும் நியூட்டனின் காகிதக் கணக்குக்கு இவ்வளவு அருகில் வரும் இயந்திரங்கள் நம் அன்றாட வாழ்க்கையில் குறைவு. சூத்திரத்தில் எடைக்கு இடமில்லை என்பதையும் கவனியுங்கள். எட்டு வயதுப் பையனும் அவன் அப்பாவும் ஒரே வேகத்தில் விழுகிறார்கள். எடை வேறு வழியில் தலைகாட்டும்: நிரம்பிய ரயிலுக்கும் காலி ரயிலுக்கும் காற்றுத்தடை ஏறக்குறைய ஒன்று, ஆனால் நிரம்பியதிடம் ஆற்றல் அதிகம், அதனால் அது சற்று வேகமாகவே ஓடும். சக்கரத்துக் கிரீஸ் காலைக் குளிரில் இறுகியிருக்கும், வெயில் ஏறியபின் இளகும். கோஸ்டர் ரசிகர்கள் ஒரே ரைடில் மாலையில் மறுபடி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உச்சியைத் தாண்டிய கணம்தான் எல்லாவற்றிலும் வினோதமானது. அடிவயிறு ஜிவ்வென்று மேலே ஏறும். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் உணர்வது பூமி நம்மை இழுப்பதை அல்ல, நாற்காலி நம்மை மேலே தாங்குவதை. எடை என்று நாம் சொல்லும் உணர்வு முழுவதும் அந்தத் தாங்கல்தான். வயிற்றுக்குள் குடலும் இரைப்பையும்கூடச் சவ்வுகளில் தொங்கி, ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து, ஓயாமல் தாங்கப்பட்டே இருக்கின்றன. பழகிப்போனதால் மூளை அதைக் கவனிப்பதில்லை. தண்டவாளம் கீழே விலகி, ரயிலும் நாமும் ஒன்றாக விழும்போது அந்தத் தாங்கல் ஒரே நொடியில் காணாமல் போகிறது. இத்தனை நாளும் கவனிக்காமல் விட்ட ஒன்று நின்றுபோனதுதான் அந்த ஜிவ்வென்ற உணர்வு. 1907-இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு, கூரையிலிருந்து விழுகிற மனிதன் விழும்போது தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் உதித்தது. தன் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான எண்ணம் அது என்று பின்னாளில் அவர் குறிப்பிட்டார். பொதுச் சார்பியல் அங்கிருந்துதான் கிளைத்தது. இறக்கத்தில் கண்ணை மூடாமல் இருக்க முடிந்தால், ஐன்ஸ்டைன் நினைத்துப் பார்க்க மட்டுமே முடிந்த அந்த நிலையை உங்கள் தொடையிலும் வயிற்றிலும் நேரடியாகச் சோதித்துக்கொள்ளலாம்.

அடிவாரத்தில் கதை தலைகீழ். பள்ளத்தின் வளைவு நம்மை மேல்நோக்கித் திருப்பவேண்டும், அதற்கு இருக்கை நம்மை மிக வலுவாகத் தள்ளவேண்டும். சாதாரண எடையை ஒரு ஜி என்று வைத்தால், இந்தக் கோஸ்டரில் உச்ச அழுத்தம் 4.5 ஜி. அறுபது கிலோ ஆள் அந்தக் கணத்தில் 270 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். ரத்தமும் கனக்கும், கால்பக்கம் இறங்கப் பார்க்கும், அது நீடித்தால் பார்வையில் நிறங்கள் வெளிறும். போர் விமானிகள் காலையும் வயிற்றையும் இறுக்கும் உடை அணிந்து 9 ஜி வரை தாங்குகிறார்கள். ஆனால் எத்தனை ஜி என்ற எண் மட்டும் போதாது, எந்தத் திசையில், எவ்வளவு நேரம் என்பதும் வேண்டும். 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஜான் ஸ்டாப் என்ற விமானப்படை மருத்துவர் தன்னையே ராக்கெட் வண்டியில் கட்டிக்கொண்டு, மணிக்கு 1,000 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்திலிருந்து ஒன்றரை நொடிக்குள் நின்றார். 46.2 ஜி. கண்ணில் ரத்தம் கட்டியது, பார்வை சிறிது நேரம் போய்த் திரும்பியது. அவர் 89 வயது வரை வாழ்ந்தார். விசை தலையிலிருந்து காலுக்குப் போகாமல் மார்புக்குக் குறுக்கே வந்ததும், கண நேரத்தில் முடிந்ததும் அவரைக் காப்பாற்றின.

"சித்தி, கடைசி வரிசை. ப்ளீஸ், கடைசி வரிசை" என்று அக்கா மகள் கையைப் பிடித்து இழுத்தாள். முன்வரிசைக்குத்தான் நீண்ட வரிசை நின்றது. அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ரயில் நீளமானது, அதன் வேகத்தைத் தீர்மானிப்பது நடுப்பகுதி எங்கே இருக்கிறது என்பது. முதல் பெட்டி உச்சியைத் தாண்டும்போது மீதி ரயில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால் முன்வரிசை ஆட்கள் மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போது முன்னால் இருப்பவை எல்லாம் இறங்கத் தொடங்கிவிட்டன. அது உச்சியை வேகத்தோடு தாண்டுகிறது, உள்ளே இருப்பவர்களின் உடல் நேராக மேலே போகப் பார்க்க, இடுப்புக் கம்பி அவர்களை இழுத்துக் கீழே கொண்டுபோகிறது. முன்வரிசையில் கிடைப்பது காட்சி, கடைசி வரிசையில் கிடைப்பது விசை.

இந்த வேறுபாட்டை ஒரு மருத்துவர் எண்ணிக்கையோடு காட்டியிருக்கிறார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் டேவிட் வார்ட்டிங்கரிடம் வந்த ஒரு நோயாளி, ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் பிக் தண்டர் மவுன்டன் என்ற கோஸ்டரில் அடுத்தடுத்து ஏறியபோது ஒவ்வொரு தடவையும் ஒரு சிறுநீரகக் கல் வெளியேறியதாகச் சொன்னார். வார்ட்டிங்கர் சிரித்துவிட்டு விடவில்லை. அந்த நோயாளியின் சிறுநீரக அமைப்பையே சிலிக்கோனில் வார்ப்பெடுத்து, அதற்குள் கற்களையும் சிறுநீரையும் நிரப்பி, பையில் போட்டுக்கொண்டு அதே கோஸ்டரில் திரும்பத் திரும்ப ஏறினார். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. முன்பக்க இருக்கைகளில் 24-இல் 4 கற்கள் நகர்ந்து வெளியேறின. பின்பக்க இருக்கைகளில் 36-இல் 23. விழுக்காட்டில் 17-க்கு எதிராக 64. அதைவிட வேகமான, கூடுதல் விசை கொண்ட கோஸ்டர்களில் கல் அசையவில்லை, ஏனென்றால் இடைவிடாத அழுத்தம் அதை இருந்த இடத்திலேயே ஒட்டவைத்துவிடுகிறது. பிக் தண்டர் வேகம் குறைந்தது. குலுக்கலும் திடீர்த் திருப்பங்களும் நிறைந்தது. 2018-இல் இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு கிடைத்தது. மாற்றமே வேலை செய்கிறது, வேகம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இருந்தாலும் மாற்றத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதை மனிதர்கள் கழுத்து வலியோடு கற்றுக்கொண்டார்கள். 1895-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் என்ற கோஸ்டர் ஆட்களைத் தலைகீழாகச் சுழற்றியது. சுழல் 25 அடி விட்டமுள்ள சரியான வட்டம். வட்டம் என்றால் அழகு என்று நினைப்போம். இங்கே அதுதான் வில்லன். உச்சியில் விழாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அந்த வேகத்தோடு உச்சியைத் தாண்டவேண்டுமானால் அடியில் நுழையும்போது எவ்வளவு வேகம் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டால், அடியில் உடல் தாங்கவேண்டியது 6 ஜி என்று வரும். வட்டம் சிறிதோ பெரிதோ, விடை மாறாது: ஆரம் இரண்டு பக்கமும் அடித்துப் போய்விடுகிறது. உராய்வை ஈடுகட்டவும் பாதுகாப்புக்காகவும் இன்னும் வேகமாக உள்ளே விட்டால் அழுத்தம் மேலும் ஏறும். ஃபிளிப் ஃபிளாப்பில் அது 12 ஜி வரை போயிருக்கலாம் என்பது பின்னாளைய மதிப்பீடு. நேர்த்தண்டவாளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் புள்ளியில் அந்த மொத்த விசையும் ஒரே அடியாக விழும். கழுத்துத் தசைக்கு இறுகிக்கொள்ள நேரமே கிடைக்காது. 1902-க்குப் பிறகு அது ஓடவில்லை.

தலைகீழ்ச் சுழல் மீண்டும் உயிர்பெற முக்கால் நூற்றாண்டு ஆனது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் ரெவல்யூஷன் திறந்தபோது, அதன் 90 அடிச் சுழல் வட்டமாக இல்லை, கண்ணீர்த்துளி வடிவில் இருந்தது. கட்டியவர் ஜெர்மனியின் ஆன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப், கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல். அடியில் வளைவின் ஆரம் பெரிது, மேலே போகப் போகச் சிறிது. ரயில் வேகமாக இருக்கும் இடத்தில் வளைவு மென்மையாக, மெதுவாக இருக்கும் இடத்தில் இறுக்கமாக. இந்த வளைவு புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நேர்ப்பாதையிலிருந்து திருப்பத்துக்குள் நுழையும் ரயிலில் பயணிகள் சாய்ந்து விழாமல் இருக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில்வேப் பொறியாளர்களே வளைவைப் படிப்படியாக இறுக்கும் முறையைக் கையாண்டார்கள். ஸ்டெங்கல் அதை எடுத்துச் செங்குத்தாக நிறுத்தினார். என் கணிப்பில், நவீன தீம் பார்க் பிறந்த ஆண்டு 1976. அதற்குப் பிறகு வந்த சுழல்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தத் துளியின் வம்சம்தான். சீடர் பாயின்ட்டின் ராப்டரில் காலைத் தொங்கவிட்டபடி ஆறு முறை தலைகீழாகப் போய் வந்த அக்கா மகள், "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். கழுத்து வலிக்கவில்லை என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

அத்தானை வீழ்த்தியது ஸ்கிராம்ப்ளர் என்ற சிறு ரைடு. தரையிலிருந்து சில அடிதான் உயரம். நடுத்தண்டு ஒரு பக்கம் சுற்ற, அதன் கைகளின் நுனியில் இருக்கைகள் தனியாகச் சுற்றும். இரண்டு நிமிடத்தில் முகம் வெளிறி வந்து பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டார். 310 அடியிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியவர்.

அரைவட்டக் குழல்களில் திரவம் இருக்கிறது. தண்ணீர் உள்ள செம்பைச் சட்டென்று திருப்பினால் செம்பு திரும்பும், தண்ணீர் பின்தங்கும். திருப்பிக்கொண்டே இருந்தால் தண்ணீரும் சேர்ந்து சுற்றும். நிறுத்தினால் செம்பு நின்ற பிறகும் தண்ணீர் சுற்றும். உட்செவியிலும் இதுதான். சுற்றத் தொடங்கும்போது செய்தி போகிறது. சீராகச் சுற்றினால் இருபது நொடி அளவில் செய்தி மங்கிவிடுகிறது. நின்றதும் எதிர்த்திசையில் சுற்றுவதாகப் பொய்ச்செய்தி போகிறது. கண் ஒன்று சொல்ல, காது இன்னொன்று சொல்ல, பாதத்தோல் மூன்றாவது ஒன்றைச் சொல்லும். இந்த முரண்தான் குமட்டலின் மூலம் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முரண்பட்டால் வாந்தி ஏன் வரவேண்டும் என்ற கேள்விக்கு 1977-இல் மிஷெல் டிரெய்ஸ்மன் ஒரு துணிச்சலான விடை தந்தார்: பரிணாமக் காலம் முழுவதும், கண்ணும் காதும் ஒத்துப்போகாமல் போனது விஷம் தின்றபோதுதான், ஆகவே முரண் தெரிந்ததும் வயிற்றைக் காலி செய்யும்படி மூளை கற்றிருக்கிறது. இது இன்னும் முடிவாக நிறுவப்படாத கருத்து.

உட்செவிதான் காரணம் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. அதை நிறுவ உதவியவர்கள் காது கேளாத பதினொரு ஆண்கள். காது கேளாதோருக்கான காலாடெட் கல்லூரியோடு தொடர்புடைய அவர்களை, 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் பின்னர் நாசாவும் விண்வெளி ஆய்வுக்காக அழைத்தன. அவர்களில் பத்துப் பேருக்குச் சிறுவயதில் வந்த மூளையுறைக் காய்ச்சல் கேட்கும் திறனோடு உட்செவியின் சமநிலை உறுப்பையும் அழித்திருந்தது. அவர்களில் சிலர் ஓயாமல் சுழலும் அறையில் 12 நாள் குடியிருந்தார்கள், எடையின்மை விமானங்களில் பறந்தார்கள், யாருக்கும் குமட்டவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியா கடலோரத்தில், கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலேற்றி ஒரு சோதனை நடத்தினார்கள். அவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சோதனை நடத்த வந்த விஞ்ஞானிகள் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டதால் சோதனையை நிறுத்தவேண்டியதாயிற்று. மனிதன் விண்வெளிக்குப் போனால் உடம்பு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தப் பதினொரு பேர் செய்த பங்களிப்பு விண்வெளி வீரர்களின் பெயர்களோடு சேர்த்துச் சொல்லப்படவேண்டியது. பல பத்தாண்டுகள் யாரும் சொல்லவில்லை.

வயதும் இதில் விளையாடுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அரிது. பள்ளிப் பருவத்தில் உச்சம் தொட்டு, பிறகு பெரும்பாலோருக்குக் குறைகிறது. அத்தானைப் போல் சிலருக்குக் குறைவதில்லை. அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: சுற்றும்போது தலையை அங்குமிங்கும் திருப்பாமல் இருக்கையில் சாய்த்து வையுங்கள், முடிந்தால் தொலைவில் அசையாத ஒன்றைப் பாருங்கள், இறங்கியதும் உடனே அடுத்த ரைடுக்கு ஓடாதீர்கள்.

ரயிலை நிறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனென்றால் வரிசையில் நிற்கும் எல்லாப் பெற்றோர் மனதிலும் இருக்கும் கேள்வி அது. கரண்ட் போனால்? இப்போதைய பெரிய கோஸ்டர்கள் பலவற்றில் தடுப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. ரயிலிலோ தண்டவாளத்திலோ செம்பு அல்லது அலுமினியத் தகடுகள், எதிரே நிலைக்காந்தங்கள். தகடு காந்தத்தைக் கடக்கும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும், அது தன் காந்தப்புலத்தால் இயக்கத்தை எதிர்க்கும். ஒன்றையொன்று தொடுவதில்லை, தேய்வதில்லை, மழையில் வழுக்குவதில்லை. இன்னொரு குணமும் உண்டு: வேகம் குறையக் குறையத் தடுப்பும் தளர்கிறது. அதனால் பயணிக்கு மூக்கு முட்டும் நிறுத்தம் இல்லை. அதே காரணத்தால் காந்தம் மட்டும் ரயிலை முழுவதுமாக நிறுத்தவும் முடியாது. கடைசி ஓரடியை உராய்வுத் தடுப்பானோ டயரோ முடித்துவைக்கவேண்டும்.

அம்மா அன்று ஏறியது ஒரே ஒரு ரைடு, ராட்சத ராட்டினம். உயரம் 136 அடி. அதற்கு அவர் சம்மதித்ததில் இயற்பியல் இருக்கிறது. ராட்டினத்தின் சக்கரம் சுற்றினாலும் கூண்டு தொங்குவதால் எப்போதும் நிமிர்ந்தே இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் தலை எந்தப் பக்கமும் திரும்புவதே இல்லை, பெரிய வட்டமொன்றில் நகர்கிறது, அவ்வளவுதான். அரைவட்டக் குழல்களுக்கு அங்கே வேலை கிடையாது. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் எடையில் வரும் மாற்றம் நூற்றில் இரண்டு பங்கு, அறுபது கிலோ ஆளுக்கு ஒரு கிலோ சொச்சம். உடல் கவனிக்காது.

மற்றவற்றுக்கு அவர் மறுத்ததிலும் காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு விடியற்காலையில் படுக்கையில் புரண்டு படுத்தபோது அறையே சுற்றியிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேல் பரவலாக வரும் தொந்தரவு. முதலில் சொன்ன அந்தச் சுண்ணாம்புத் துகள்கள் வயதாக ஆக அவற்றின் படலத்திலிருந்து உதிர்கின்றன. உதிர்ந்தவை பக்கத்திலுள்ள அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் சுற்றுவதாகக் காது சொல்லிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் உள்ளவருக்குக் கோஸ்டர் வேண்டாம் என்பது பயம் அல்ல, நல்ல மருத்துவ அறிவு.

அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்துக் காது மருத்துவர் ஜான் எப்லி, இதற்கு மருந்தோ கத்தியோ வேண்டாம் என்று 1980 வாக்கில் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. துகள் குழலுக்குள் விழுந்தது ஈர்ப்புவிசையால் என்றால், அதே ஈர்ப்புவிசையால் வெளியே உருட்டிவிடலாம் என்பது அவர் வாதம். நோயாளியை உட்காரவைத்துத் தலையை 45 பாகை பக்கவாட்டில் திருப்பு, அப்படியே மல்லாக்கச் சாய், அரை நிமிடம் பொறு, தலையை மறுபக்கம் 90 பாகை திருப்பு, உடம்போடு சேர்த்துப் புரட்டு, எழுப்பி உட்காரவை. குழலின் வளைவு முழுவதையும் கடந்து துகள் தன் பழைய பைக்கே திரும்பும். 1992-இல் அவருடைய கட்டுரை அச்சேறியபின் முறை உலகெங்கும் பரவியது. பெரும்பாலோருக்கு ஓரிரு தடவையிலேயே குணமாகிறது. அம்மாவுக்கும் ஊரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் செய்தது இதைத்தான், சில நிமிட வேலை. கழுத்தைத் திருப்ப முடியாத நோயாளிகளுக்காக எப்லி பிற்பாடு ஒரு நாற்காலி வடிவமைத்தார். அதில் அமர்பவரைப் பட்டைகளால் கட்டி, மோட்டார் வைத்து, எந்தத் திசையிலும் முழு வட்டம் சுற்றலாம், தலைகீழாகவும் நிறுத்தலாம். கண்ணின் நடுக்கத்தைக் கேமரா வழியே பார்த்தபடி, துகள் இப்போது எந்த வளைவில் இருக்கிறது என்று கணித்து, அடுத்த திருப்பத்தை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.